துக்க நிறம்

அறுபதைத் தாண்டிய மனிதன் வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் இரண்டாம் முறை சவரம் செய்துகொண்டால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று ஒசெல்லா டாலிவர் முடிவு கட்டிவிட்டாள்.

அவள் கணவர் அமோஸ் டாலிவர் மேக்கன் நகரத்தில் சலவையும் சாயமும் சேர்ந்த கடை ஒன்றை நடத்தினார். ஊரார் சட்டைகளையெல்லாம் மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தவர், தன் சட்டையைப் பற்றி இத்தனை காலமும் கவலைப்பட்டவர் இல்லை. கடையைப் பூட்டுவார், சாயம் ஏறிய விரல்களை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவுவார், சாப்பிடுவார், ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். அப்படிப்பட்ட மனிதர் இந்தக் கோடை முடிவில் திடீரென்று வியாழக்கிழமைகளில் கஞ்சி போட்ட காலர் கேட்கிறார். கண்ணாடி முன்னால் நின்று ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சங்கத்து ஆளுங்களப் பாத்துட்டு வரேன்."

சங்கம் கூடுவது செவ்வாய்க்கிழமை. அது தெருவில் திரியும் நாய்க்குக்கூடத் தெரியும். ஒசெல்லா அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். பொய் சொல்லும் பிள்ளையை உடனே பிடிக்கக்கூடாது, இன்னும் இரண்டு பொய் சொல்ல விட்டுப் பிடிக்க வேண்டும் என்பது அவள் கண்டுபிடித்த பாடம்.

எரிகிற அடுப்புக்கு விறகு தள்ள ஒரு ஆள் வேண்டுமே. அதற்குப் பக்கத்து வீட்டு சிஸ்டர் பியூலா இருந்தாள். ஒரே தேவாலயம், ஒரே பாடகர் குழு, சொந்தமாக ஒரு பழைய கார். மற்றவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தக் கார் அவளுக்குப் பெரிய உதவி. சமையலறை மேஜையில் ஒசெல்லாவோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"சிஸ்டர், நான் சொல்லக்கூடாது. ஆனா சொல்லலேன்னா எனக்குச் சோறு இறங்காது."

"உங்களுக்கு எப்ப இறங்காம இருந்துச்சு? சொல்லுங்க."

"போன வியாழக்கிழமை உங்க வீட்டுக்காரரப் பாத்தேன். தொப்பியச் சாய்ச்சு வச்சிருந்தார். கல்யாணமான ஆம்பள தொப்பிய நேராத்தான் வைப்பான்."

"கூட யாராச்சும் இருந்தாங்களா?"

"தனியாத்தான் போனார். போகும்போது எல்லாரும் தனியாத்தான் போவாங்க, சிஸ்டர்."

ஒசெல்லாவின் விரல்கள் அவரையை விட்டுவிட்டன. பியூலா குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு அந்த பிக்கெட் விதவை மேலதான் கண்ணு. புருஷன் செத்ததும் நாலு கவுனக் கொண்டாந்து உங்க கடையில சாயம் போடச் சொன்னாளே. ஒரு புருஷனுக்கு எதுக்கு நாலு கவுன்? அதுவும் அந்தக் கறுப்புக் கவுன்ல அவ இடுப்ப..."

"சிஸ்டர் பியூலா!"

பியூலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க. வாய் தவறிப்போச்சு. துக்க நிறக் கவுன்ல."

டாலிவர் வீட்டில் அந்த வார்த்தை கிடையாது. கல்யாணமாகி வந்த நாள் முதல் கிடையாது. அந்த வீட்டில் காபி 'பால் விடாத காபி'. இரும்பு வாணலி 'பெரிய சட்டி'. வேலியோரம் காய்க்கும் பிளாக்பெர்ரி வெறும் 'காட்டுப் பழம்'. ஒசெல்லா பாடம் நடத்திய வகுப்பில் இருந்தது வெறும் 'பலகை'. கரும்பலகை என்று சொன்ன பிள்ளை பெஞ்சின் மேல் நின்றது. எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து கடையில்தான். சாயம் போடுவதுதான் அமோஸின் பிழைப்பு. வருகிற துணியில் முக்கால்வாசி சாவு வீட்டுத் துணி. அந்தச் சாயத் தகரத்தின் மேல் அச்சடித்திருந்த பெயரை ஒசெல்லா தன் கையாலேயே காகிதம் ஒட்டி மறைத்து, 'துக்க நிறம்' என்று அழகான எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். தெருவே அதற்குப் பழகிவிட்டது. "டாலிவர் சார், இதத் துக்க நிறமா ஆக்கிக் கொடுங்க" என்பார்கள். இளவட்டங்கள் வெளியே போய்ச் சிரிப்பார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒசெல்லாவின் அப்பா தபால்காரர், கௌரவமான வேலை. ஒரே ஜனம்தான் என்றாலும் அவள் குடும்பமே வெளுத்த நிறம். வெயிலில் நின்றால் சிவக்கும். அமோஸோ நிலாவில்லாத ராத்திரி. பெண் கேட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, விருந்து மேஜையில், எல்லோருக்கும் கேட்கும்படி ஒசெல்லாவின் அம்மா சொன்னாள்: "கறுப்பு எங்க வீட்டுக்குள்ள இதுவரைக்கும் ஷூவா மட்டும்தான் வந்திருக்கு." தங்கை கொரீன் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒசெல்லாவுக்கு மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. இந்த மனிதனைக் கட்டிக்கொள்வேன், என் வீட்டில் அந்த வார்த்தை அவர் காதில் ஒருபோதும் விழாது என்று அன்றைக்கே சபதம் செய்துகொண்டாள். யாராவது அவர் நிறத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவர் நல்ல மாநிறம்" என்பாள். கேட்டவர்கள் அமோஸைப் பார்ப்பார்கள், பிறகு கூரையைப் பார்ப்பார்கள்.

அதற்காக அவளைப் பத்தாம்பசலி என்று நினைத்துவிடக்கூடாது. பெயர்கள் மாறுவதை அவள் பார்த்தவள், மாற்றியவளும்கூட. தாத்தா தன்னை ஆப்பிரிக்கன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டவர். அவர் கட்டிய தேவாலயத்தின் வாசற்கல்லில் அந்தப் பெயர் இன்னமும் இருக்கிறது. அப்பாவுக்கு அது பிடிக்காது. "ஆப்பிரிக்கன்னு சொன்னா, வெள்ளைக்காரன் கப்பலேறிப் போடாம்பான். நாம கலர்டு ஜனங்க. மரியாதை தெரிஞ்சவன் அப்படித்தான் சொல்லுவான்" என்பார். ஒசெல்லா தலையெடுத்த காலத்தில் கலர்டு என்பது அவளுக்கு வேலைக்காரப் பேச்சாக நாறியது. நீக்ரோ என்றால் அதில் ஒரு கம்பீரம் இருந்தது, புத்தகத்தில் ஏறிய பெயர். மாதர் சங்கத்தின் பெயரில் கலர்டை எடுத்துவிட்டு நீக்ரோ என்று வைக்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசி, கைதூக்க வைத்து ஜெயித்தவள் அவள்தான். அம்மா அதற்காக ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளைக்காரர்கள் வேண்டுமென்றே அந்தச் சொல்லைக் கொழகொழவென்று சிதைத்துச் சொல்வார்கள் என்பதால், வகுப்புப் பிள்ளைகளை அதைத் தெளிவாகச் சொல்லப் பழக்கியவளும் அவள்தான். கடைக்குப் புதுப் பலகை மாட்டினால் சரக்கும் மாறிவிடுமா என்று அமோஸ் அப்போது கிண்டல் செய்தார். அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

ஆக, பெயர் மாறலாம். எதுவாகவும் மாறலாம். அந்த ஒரு வார்த்தையாக மட்டும் மாறக்கூடாது.

ஆனால் தங்கள் ஜனங்களின் தலைவரைச் சுட்டுக் கொன்றதற்காக ஊரே அழுது ஓய்ந்த அந்த ஏப்ரலில் ஒரே மகள் வெர்னா ஈஸ்டருக்கு அட்லாண்டாவிலிருந்து வந்து இறங்கினாள். சூட்டுச் சீப்பு போட்டு நேராக்கின கூந்தலோடு போனவள், தலை நிறையச் சுருட்டை விரித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உன் தலைக்கு என்னடி ஆச்சு? கரண்ட் கம்பியத் தொட்டியா?"

"இதுதான்மா என் முடி. இத்தனை நாளாப் பாத்தது பொய்."

அதைக்கூட ஒசெல்லா பொறுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் வெர்னா அடுத்ததை ஆரம்பித்தாள். "நீக்ரோ எல்லாம் வெள்ளைக்காரன் வச்ச பேருமா. நாம கறுப்பர்கள். கறுப்புன்னு தலையத் தூக்கிச் சொல்லணும்."

அமோஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒசெல்லாவுக்கு நாற்காலி பின்னால் சாய்வது போலிருந்தது.

"அப்பா இருக்காருடி. அவர் மூஞ்சிக்கு நேராவா சொல்ற?"

"அவர் மூஞ்சிக்கு நேராத்தான்மா சொல்லணும்."

ஒசெல்லா ஓங்கி அறைந்தாள். வெர்னா கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அமோஸ் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெற்ற மகளே அவரைக் குத்திவிட்டாள் என்று ஒசெல்லா கொதித்தாள். யார் இந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது? கொரீனும் அட்லாண்டாவில்தானே இருக்கிறாள்? அந்த ஷூ கதையைச் சொல்லிச் சிரித்திருப்பாள். தங்கைக்கு ஃபோன் செய்வதையும் அன்றோடு நிறுத்திக்கொண்டாள். வெர்னா அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

மகளும் இல்லை, தங்கையும் இல்லை. இப்போது கணவரும் கைவிட்டுப் போகிறார் என்றால் அவளுக்கு மிச்சம் என்ன? அந்தப் பயத்தோடுதான் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருடைய கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். தேய்க்கப் போடுவதற்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

உள்ளே ஒரு சீப்பு இருந்தது. மரச் சீப்பு, பற்கள் விரல் நீளம், முள்கரண்டி மாதிரி. அமோஸுக்குக் காதோரத்தைத் தவிர முடி கிடையாது. சீப்பை மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. ஒற்றைச் சுருள் முடி பற்களுக்கிடையில் சிக்கியிருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் பியூலா. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத் துக்கம் என்று சொல்ல யாராலும் முடியாது. "இனிமே சும்மா இருந்தா நாமதான் பைத்தியம். வர்ற வியாழக்கிழமை கார எடுத்துட்டு வரேன்."

"பின்னாடியே போயி உளவு பாக்கறது நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்கறதுக்கு நாம என்ன பிக்னிக்கா போறோம்?"

வியாழன் வந்தது. அமோஸ் முன்னால் நடக்க, கார் ஒரு தெரு தள்ளி ஊர்ந்தது. பியூலா விளக்கைப் போடாமல் ஓட்டினாள். இருட்டவே இல்லை என்பது அவளுக்கு ஒரு பொருட்டில்லை. பிக்கெட் விதவையின் வீடு வந்ததும் ஒசெல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விதவை முற்றத்தில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அமோஸ் தொப்பியைத் தொட்டுவிட்டு மேலே நடந்தார்.

"நடிப்பு," என்றாள் பியூலா.

ஆனால் அவர் திரும்பி வரவில்லை. நேராகத் தாத்தா கட்டிய தேவாலயத்துக்குப் போய், பக்கவாட்டில் இருந்த படியிறங்கி, நிலவறைக் கூடத்துக்குள் நுழைந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் போனார்கள்.

"ஜெபக் கூட்டமா இருக்குமோ?" பியூலாவின் குரலில் ஏமாற்றம் கேட்டது.

"ஜெபத்துக்குப் போறவர் ஏன் பொய் சொல்லணும்? நீங்க இங்கயே இருங்க."

ஒசெல்லா சுவரோரமாக நடந்தாள். கூடத்தின் ஜன்னல்கள் தரையோடு தரையாக இருந்தன. புழுக்கத்துக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். செடி மறைவில் குனிந்து நின்றாள். இந்த வயதில் தன் தாத்தா கட்டிய தேவாலயத்தில் திருடி மாதிரி குனிந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவமானமாக இருந்தது. ஆனாலும் நின்றாள்.

உள்ளே மடக்கு நாற்காலிகளில் இருபது பேர் இருக்கலாம். சமையல் வேலைக்குப் போகிற பெண்கள், பஸ் டிரைவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் ஒசெல்லா இன்னும் தாழக் குனிந்தாள். அது வெர்னா.

சீப்பு யாருடையது என்று புரிந்தது, மகள் மறந்து வைத்ததை அவர் எடுத்து வந்திருக்கிறார். நிம்மதி வரவேண்டிய இடத்தில் வேறு ஒன்று வந்தது. பெற்றவள் வீடு நாலு தெரு தள்ளி இருக்க, வாரா வாரம் ஊருக்கு வந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போகிறாள். அதற்கு அப்பாவும் உடந்தை. விதவை வீட்டுக்கே போயிருக்கலாம் இந்த மனுஷன் என்று தோன்றியது.

வெர்னா சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்த வார்த்தைய நமக்கு முதல்ல யார் சொன்னாங்க, எங்க வச்சு சொன்னாங்க, எழுந்து சொல்லுங்க. யாரையும் திட்டறதுக்கில்ல. உள்ளயே கெடந்து அழுகுறத வெளிய எடுத்துப் போடறதுக்கு."

ஒரு சமையல்காரி எழுந்து, சொந்த அக்காவே தன்னைப் புகைப்படத்தில் மரத்துக்குப் பின்னால் நிற்க வைத்த கதையைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ் டிரைவர் ஏதோ சொன்னார். பிறகு அமோஸ் எழுந்தார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் தொண்டையைச் செருமினார்.

ஷூ கதையைத்தான் சொன்னார். ஒசெல்லா செடி மறைவில் தலையை ஆட்டினாள். சொல்லட்டும், அம்மா செய்தது அக்கிரமம்தான்.

"அப்ப நீங்க என்ன சொன்னீங்க, டாலிவர் சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஷூ இல்லாம கோயிலுக்குப் போக முடியாதேம்மான்னேன். அந்தம்மாவே சிரிச்சிட்டாங்க. அதோட அது முடிஞ்சுபோச்சு. அவங்க செத்தப்ப கடைசி உடுப்பத் தேச்சுக் கொடுத்தது நான்தான். அவங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. நேரா சொன்னாங்க, நேரா பதில் சொன்னேன்."

கூடத்தில் சிரிப்பு அடங்கியது. அவர் உட்காரவில்லை.

"நான் சொல்ல வந்தது வேற. என் சம்சாரம் அந்த வார்த்தைய ஒரு நாளும் சொன்னதில்ல. வீட்டுல யாரையும் சொல்ல விட்டதுமில்ல. நான் சாயக்காரன். என் கடையில என் சாயத்தோட பேர நான் சொல்லக்கூடாது. பாம்பு இருக்கற வீட்டுல பாம்புன்னு சொல்ல மாட்டாங்க, கயிறும்பாங்க. இத்தனை வருஷமா என் வீட்டுல நான்தான் அந்தக் கயிறு."

வெர்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இது வெர்னாவுக்கும் தெரியாது. அவ பொறந்தப்ப மருத்துவச்சி தாய் கையில குடுத்தா. நம்ம ஆளுங்க குழந்தைய வாங்கினதும் மொதல்ல என்ன பாப்பாங்க, உங்களுக்கே தெரியும்."

"காதுதான்," என்றாள் சமையல்காரி. பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது.

"ஆமா. விரல எண்ண மாட்டோம். காது மடலத் திருப்பிப் பாப்போம். இன்னிக்கு மடல் எந்த நிறமோ, அதுதான் நாளைக்கு மூஞ்சி. என் சம்சாரமும் திருப்பிப் பாத்தா. பாத்துட்டு, 'ஆண்டவரே, தப்பிச்சுட்டா'ன்னா. நான் வெந்நீரத் தூக்கிக்கிட்டு கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன்."

அவர் கூடத்தில் இருந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"யார்கிட்டேர்ந்து தப்பிச்சா? அதத்தான் அன்னிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். இப்ப இவ அட்லாண்டாவுக்கு வந்துடுங்கறா. இந்த வயசுல பொண்டாட்டிய விட்டுட்டுப் போறது மரியாதையான்னா, இல்லதான். ஆனா இந்த ரூமுல உக்காரும்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்கா வருது. அதான் யோசிக்கிறேன்."

ஒசெல்லா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன் என்று நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை. சொன்னது நினைவிருந்தது. அந்தப் பிஞ்சுக் காதின் ரோஜா நிற ஓரம் நினைவிருந்தது. அதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் பரவிய சந்தோஷம், அவள் வாழ்நாளின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று, அதுவும் நினைவிருந்தது. அதை அவள் தாய்மை என்று எண்ணி வைத்திருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அவள் குஞ்சைப் பொன் என்று கொண்டாடியது காக்கையைப் போல இல்லை என்பதற்காகத்தான்.

காருக்குத் திரும்பினாள். பியூலா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு? பிக்கெட்டா?"

"இல்ல."

"வேற எவ? பொம்பளதானே?"

"ஆமா, சிஸ்டர். ஒரு பொம்பளதான்."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று பியூலா வண்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் ஆம்பளைகளைத் திட்டிக்கொண்டு வந்தாள். 

வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து மீன் பொரித்தாள். வெண்டைக்காயை வதக்கினாள். சோள ரொட்டியைச் சுட வைத்தாள். கை தானாக வேலை செய்தது. அவர் போய்விடுவார் என்ற நினைப்பு மட்டும் நகரவில்லை. சட்டியைப் பார்த்து, யாரும் இல்லாத சமையலறையில், அந்த வார்த்தையை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். கறுப்புச் சட்டி. ஒன்றும் இடிந்து விழவில்லை. கறுப்புக் காபி. கறுப்பு ஷூ. கரும்பலகை. எல்லாம் சுலபமாக வந்தன. இவ்வளவுதானா என்று தோன்றியது. இதற்கா இத்தனை வருஷம் காவல் காத்தோம்?

அமோஸ் வந்தபோது மேஜை போட்டிருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் அந்த மரச் சீப்பை வைத்திருந்தாள்.

"இத வெர்னாகிட்ட குடுத்துடுங்க. அவ முடிக்கு வேற சீப்பு இறங்காது."

அவர் தொப்பியைக் கழற்றினார். மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பியூலா கார் சத்தம் கேட்டுச்சு. எவ்வளவு நேரம் நின்ன?"

"கடைசி வரைக்கும்."

"பியூலாவும் கேட்டாளா?"

"இல்ல. நீங்க எவளையோ வச்சிருக்கீங்கன்னு அவ நினைச்சுக்கிட்டிருக்கா. நானும் அப்படித்தான் நினைச்சேன். அஞ்சு வாரமா உங்க மேல சந்தேகப்பட்டேன்."

"நான் நாப்பது வருஷமா உன் மேல சந்தேகப்பட்டேன்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

"உங்க மனசு நோகக்கூடாதுன்னுதானே அப்படி இருந்தேன்? எங்கம்மா பேசினதுக்கு..."

"உங்கம்மா பேசினதுக்கு நான் பதில் சொல்லியாச்சு. நான் எப்பவாவது உன்கிட்ட வந்து, என்னைக் காப்பாத்துன்னு கேட்டேனா?"

கேட்கவில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை.

"வெர்னா உன்ன வெறுக்கல. அது உனக்குத் தெரியணும்," என்றார். "நானும்தான். ஆனா உன் கண்ணு என் மேல படும்போதெல்லாம் கொஞ்சம் தள்ளிப் பட்ட மாதிரியே இருந்திருக்கு. அது நெசமா, என் மனப்பிரமையா? இது தெரியாமத்தான் பாதி உசுரு போச்சு."

"தெரிஞ்சுக்கங்க. என்ன வேணா கேளுங்க. பொய் சொல்ல மாட்டேன்."

அவர் விளக்குக்குக் கீழே வந்து நின்றார். சவரம் செய்த கன்னம், கஞ்சி போட்ட காலர், அதற்கு மேல் அந்த முகம்.

"நான் என்ன நிறம், ஒசெல்லா?"

மாநிறம் என்ற சொல் நாக்கு நுனிக்கு ஓடி வந்தது. அதைக் கடித்து விழுங்கினாள். சட்டியிடம் சொல்லிப் பழகின வார்த்தைதான், பயம் எதற்கு?

"கறுப்பு," என்றாள்.

வார்த்தை வந்தது. ஆனால் சட்டியிடம் வந்த மாதிரி வரவில்லை. லேசான ஒரு சுளிப்பு, கடைசியில் மூச்சை இழுத்துக்கொள்கிற ஒரு அருவருப்பு, எல்லாம் சேர்ந்து, விருந்து மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவின் குரல் அப்படியே அவள் வாயிலிருந்து வந்து விழுந்தது. அவளுக்கே கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அமோஸ் கண்ணை மூடித் திறந்தார்.

"இதேதான். நீ வாயத் திறக்காமலே இத்தனை வருஷமா எனக்குக் கேட்டுக்கிட்டிருந்தது இந்தக் குரல்தான்."

"இது எங்கம்மா குரலுங்க."

"தெரியும்."

"இது எனக்குள்ள இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றார் அவர்.

அவர் வாசல் பக்கம் பார்த்தார். ஒசெல்லாவுக்கு அழுகை முட்டியது. அழுதால் அவர் சமாதானம் செய்வார், சமாதானம் செய்தால் எல்லாம் பழையபடி மூடிப்போகும் என்று தெரிந்து, அழாமல் நின்றாள்.

"இருங்க. இன்னொரு தடவை சொல்றேன்," என்றாள். "உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றேன். அது எங்கம்மா குரலா இல்லாம, என் குரலா வர்ற வரைக்கும் சொல்றேன். அதுக்கப்புறம் போறதுன்னா போங்க."

மீன் ஆறிக்கொண்டிருந்தது. அமோஸ் நாற்காலியை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"சொல்லு," என்றார்.